ஸ்டீரியோடைப் என்னும் அச்சுவார்ப்பு

பாடசாலை வாழ்வைக் களமாகக் கொண்ட அமெரிக்கத் திரைப்படங்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர் முதற்பந்தியிலேயே ஒரு சொல்லில் இடறிவிடுவார். விளையாட்டு வீரன் என்றால் முரடன், கண்ணாடி அணிந்தவன் என்றால் புத்தகப்பூச்சி, அழகி என்றால் அகம்பாவக்காரி என்று ஆட்களை முன்கூட்டியே வகுத்துவைக்கும் பழக்கத்தை ஆங்கிலத்தில் ஸ்டீரியோடைப் என்பர். நாமோ அதனை 'ஒரே மாதிரியான சித்திரிப்பு' என்றும் 'வகைமாதிரி' என்றும் 'முன்முடிவு' என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதிவருகிறோம். இவற்றுள் எதுவும் பொருளை முழுமையாகத் தாங்கவில்லை.

இச்சொல்லை ஆக்கியவர்கள் உளவியலாளர்கள் அல்லர்; அது அச்சுக்கூடத்திற் பிறந்தது. கிரேக்க மொழியில் 'ஸ்டீரியோஸ்' என்பது திண்மத்தையும் 'டூப்போஸ்' என்பது அழுத்திப் பதித்த தடத்தையும் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸ் நகரத்து அச்சுக்கலைஞர் ஃபிர்மான் டிடோ இவ்விரண்டையும் சேர்த்து ஓர் அச்சு முறைக்குப் பெயராக்கினார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து முடித்த பக்கத்தின்மேல் களிமண்ணையோ காகிதக்கூழையோ அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சினுள் உருக்கிய உலோகத்தை ஊற்றினால், பக்கம் முழுவதும் ஒரே தகடாக வார்ந்து வந்துவிடும். கோத்த எழுத்துகளைக் கழற்றி அடுத்த வேலைக்குப் பயன்படுத்தலாம். தகட்டை எத்தனை முறையும் மீண்டும் அச்சிடலாம். சிக்கனமான வழிதான். ஆனால், தகட்டில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்தால் அதை மட்டும் பிடுங்கி மாற்ற இயலாது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, வேறொரு துண்டை வைத்து ஒட்டவேண்டும்.

1922ஆம் ஆண்டில் அமெரிக்க இதழியலாளர் வால்ட்டர் லிப்மன் பொதுசன அபிப்பிராயம் பற்றிய தமது நூலில் இச்சொல்லை மனித மனத்துக்கு ஏற்றினார். உலகம் மிகப் பெரியதாகவும் சிக்கலானதாகவும் இருப்பதால், நாம் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வரையறுப்பதில்லை, வரையறுத்துவிட்டே பார்க்கிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அச்சுக்காரர் தகடு வார்த்ததும் இதே சிக்கனத்துக்காகவே என்பதால், உவமை பொருத்தமாகவே அமைந்தது.

பாடசாலைத் திரைப்படங்கள் இந்தத் தகடுகளைக் காட்சிக்கு வைப்பவை. 1961ஆம் ஆண்டில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், இலினோய் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து எழுதிய நூலில், சிறந்த மாணவனாக நினைவுகூரப்படுவதைவிட விளையாட்டு நட்சத்திரமாக நினைவுகூரப்படவே ஆண் பிள்ளைகளிற் கூடுதலானோர் விரும்பினர் என்று காட்டினார். அதே மாநிலத்தின் கற்பனைப் பாடசாலை ஒன்றில்தான் 1985இல் வெளிவந்த 'த பிரேக்ஃபாஸ்ட் கிளப்' நிகழ்கிறது. தண்டனையாகச் சனிக்கிழமை மறித்துவைக்கப்படும் ஐந்து மாணவர்கள், படிப்பாளி, விளையாட்டு வீரன், சீமாட்டி, போக்கிரி, கிறுக்கி என்ற ஐந்து தகடுகளாக உள்ளே வருகிறார்கள். ஒரு நாட்பேச்சில் அவை விரிசல் விடுகின்றன. இப்படத்தைத் தகடுடைத்த படம் என்று புகழ்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. யாரோடும் ஒட்டாத அந்தப் பெண், இறுதியில் முகம் ஒப்பனை செய்யப்பட்டுச் சீமாட்டியின் அச்சுக்குள் ஊற்றப்படுகிறாள்; அப்போதுதான் விளையாட்டு வீரனின் கண்ணுக்கு அவள் தெரிகிறாள். படிப்பாளியோ, மற்றவர்கள் சோடி சேர, எல்லாருக்குமான கட்டுரையைத் தனியே இருந்து எழுதுகிறான். வீட்டுவேலையைப் படிப்பாளி தலையிற் கட்டுவது எந்த ஊர் வகுப்பிலும் நடப்பதுதான்.

2004இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' இன்னொன்றைத் தெளிவாக்குகிறது. புதிதாக வந்த மாணவிக்கு உணவுக்கூடத்தின் வரைபடம் ஒன்று கொடுக்கப்படுகிறது. எந்த மேசையில் எந்தக் கூட்டம் அமரும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒருத்தியை வார்ப்பது அவளுடைய இயல்பு மட்டுமன்று, அவள் அமரும் மேசையும் அவளை வார்க்கிறது. உளவியலாளர் ஹென்றி டாஷ்ஃபெல் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயது மாணவர்களைக் கொண்டு செய்து 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனைகளும் இதையே காட்டின. கிளீ, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களுள் யாரை விரும்புகிறார்கள் என்று கேட்டு, உண்மையில் விருப்பத்தைப் பாராமலே மாணவர்கள் இரு குழுவாக்கப்பட்டனர். பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாகக் கிடைத்தாற் போதும் என்ற போக்கு அவர்களிடம் காணப்பட்டது. பெயரைத் தவிர அக்குழுக்களுக்குள் வேறு எந்தப் பிணைப்பும் இருக்கவில்லை.

மட்டக்களப்பாருக்கு இது புதுமையன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புவிளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கோத்து இழுத்து, தோற்ற கட்சியை வசைபாடுவர். அந்த வசைக்காவது ஒரு பருவம் உண்டு. வாவியின் இரு பக்கத்துக்கும் வழங்கும் எழுவான்கரை, படுவான்கரை என்ற பெயர்களைப் பாருங்கள். ஞாயிறு எழும் கரை, படும் கரை என்பதற்குமேல் அவற்றில் எதுவுமில்லை. ஆயினும், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை படகுப்பாதையில் வாவியைக் கடந்து நகரத்து வகுப்புக்கு வந்த மாணவன், வாய் திறக்குமுன்னரே 'படுவான்கரைப் பொடியன்' என்ற தகட்டில் ஏறிவிடுவான். வயல், மாடு, வெட்கம் எல்லாம் அதில் ஏற்கெனவே வார்க்கப்பட்டிருக்கும். அக்கரையாரிடமும் நகரத்துப் பிள்ளைகளுக்கென ஒரு தகடு ஆயத்தமாகவே இருந்தது.

நம் பாடசாலைகளில் உணவுக்கூட மேசைகள் இல்லை; அந்த வேலையை உயர்தரப் பிரிவுகள் செய்கின்றன. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில், கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ வர்த்தகப் பிரிவைத் தெரிவுசெய்த மாணவியிடம், "ஏன் மகள், கணக்குச் சரிவரல்லியா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்பார். அவள் கணிதத்தில் 'ஏ' எடுத்தது மாமிக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேள்வி மாறாது. பத்தாண்டாக ஒரே வாங்கில் இருந்தவர்கள், சில மாதங்களில் 'பயோ செட்', 'ஆர்ட்ஸ் செட்' என்று ரியூசன் வாசலிற் சைக்கிளைக்கூட வெவ்வேறாக நிறுத்துவார்கள்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'ஒரே மாதிரி' என்பது விளைவை மட்டும் சொல்கிறது. 'வகைமாதிரி' ஒரு வகையைப் பிரதிநிதித்துவம் செய்யும் நல்ல எடுத்துக்காட்டுக்கு உரியது. அதிற் குறைகூறும் தொனி இல்லை. 'முன்முடிவு' தனியாளின் மனநிலையைக் குறிப்பது. இதுவோ ஒரு கூட்டம் பொதுவில் வைத்துப் புழங்கும் படிமம். 'வார்ப்புரு' என்பதைக் கணினித்துறை எடுத்துக்கொண்டது. ஆகவே 'அச்சுவார்ப்பு' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். 'அச்சில் வார்த்ததுபோல' என்று நாம் ஏற்கெனவே பேசுகிறோம். பதிவு, உலோகம், மாறாமை என்ற மூன்றும் அதில் உள்ளன. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்ற விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இம்மண்ணிலேதான் இருக்கிறது. ஆக்கிய சொல் பேச்சில் ஒட்டுமா என்று பார்க்கும் கடமை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

பெயராக 'அச்சுவார்ப்பு', வினையாக 'அச்சில் வார்த்தல்', அடையாக 'அச்சுவார்ப்புப் பாத்திரம்' என வழங்கலாம். ஒரு நடிகரை ஒரேவகை வேடத்திலேயே பூட்டிவைப்பதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது. 'வேடச்சிறை' என்பது போல் அதற்கு வேறொன்று வேண்டும். கட்டிளமைப் பருவத்தினரின் இறுக்கமான உட்குழுவைக் குறிக்கவோ, புதுச்சொல் தேடத் தேவையில்லை. 'செட்' என்பதைப் பேச்சில் விட்டுவிட்டு, எழுத்தில் 'கூட்டாளிக் குழு' என்றால் ஏறாவூர் முதல் பொத்துவில் வரை எவருக்கும் விளங்கும்.