தையல் நூல் மட்டும் ஏன் வெள்ளையாக நின்றது?

சென்ற கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த என் அண்ணன் மகள், தன் கையாலேயே சாயமிட்ட பனியன் துணி டி-ஷர்ட் ஒன்றை மொட்டை மாடிக் கொடியில் விரித்துக் காட்டினாள். மார்பின் நடுவிலிருந்து மஞ்சளும் நீலமும் சுழி சுழியாக விரிந்து, இரண்டும் சந்தித்த இடங்களில் வாழைக்குருத்தின் பச்சை பூத்திருந்தது. ஆனால் அவளுடைய விரல், கழுத்தோரத்திலும் கைவிளிம்பிலும் வரிசையாக ஓடிய வெள்ளைத் தையலின் மேலேயே நின்றது. "அத்தை, துணி முழுக்க நிறம் பிடிச்சிருக்கு, தையல் மட்டும் ஏன் வெள்ளையாவே நிக்குது?" என்று கேட்டாள். துணிக்குச் சாயம் எப்படிப் பிடிக்கிறது என்பதன் வேதியியல் பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

டை-டை எனப்படும் இந்தக் கட்டிச் சாயமிடும் முறை 1960-களின் அமெரிக்க இளைஞர்களிடம் பெரும் மோகமாக இருந்து, பின்னர் தணிந்து, 2020-இன் ஊரடங்கு மாதங்களில் வீடு வீடாக மீண்டும் பரவியது. பழைய வெள்ளை டி-ஷர்ட், ரப்பர் வளையங்கள், நான்கு சாயப் பொட்டலங்கள் ஆகியவை போதும் என்பதால், கோடை விடுமுறையில் பதின்வயதுப் பெண்கள் தாமே செய்துகொள்ளும் உடைகளில் அதற்குத் தனி இடம் உண்டு. நமக்கு இது புதிதும் அன்று. மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சுங்குடிச் சேலை இதே தத்துவத்தில் பிறந்தது; கோடைக்கேற்ற மெல்லிய பருத்தியில், ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளைக் கையால் போட்டுச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்துப் புள்ளிகளை மலர வைப்பார்கள். 2005-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பருத்தி இழை என்பது ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் மணிமாலைபோலக் கோத்து நீண்ட சங்கிலியாக நிற்பதுதான் செல்லுலோஸ். அந்த ஒவ்வொரு மணியிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் கைகளைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சுவது இந்தக் கைகள் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்வதால்தான். சாயம் பிடிப்பதும் இதே கைகளால்தான். தையல் நூலோ, உறுதிக்காகப் பெரும்பாலும் பாலியெஸ்டரில் செய்யப்படுகிறது. குடிநீர் பாட்டில் எந்தப் பொருளோ அதே பொருள்தான் அது. அதன் சங்கிலியில் இப்படி நீட்டிய கைகள் இல்லை. எனவே சாயம் அதன் மேல் படுகிறது, பற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கழுவும் நீரோடு போய்விடுகிறது. ஆலைகளில் பாலியெஸ்டருக்கு முற்றிலும் வேறு வகைச் சாயத்தை, மூடிய கலத்தில் அழுத்தம் கொடுத்து, 130 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி ஏற்றுகிறார்கள். வீட்டு வாளியில் அது நடக்காது.

ஆகவே சாயம் வாங்குவதற்கு முன்பு துணியை அறிந்துகொள்ள வேண்டும். சட்டையின் பட்டையில் முழுப் பருத்தி என்று எழுதியிருந்தால் நல்லது. பட்டை கிழிந்துபோயிருந்தால், விளிம்பிலிருந்து ஓரிழையை உருவி, பெரியவர் ஒருவர் உடனிருக்க, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான சிறு மணியாக இறுகும். பாதிக்குப் பாதி கலந்த துணியில் பருத்தி இழைகள் மட்டுமே நிறம் ஏற்பதால், அடர்நீலம் வேண்டியவருக்கு வெளிறிய நீலமே கிடைக்கும். அது சாயத்தின் குற்றமன்று.

சாயம் இழையின் மேல் இருப்பதற்கும் இழையோடு சேர்ந்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மஞ்சள் கறை நன்றாகக் காட்டுகிறது. சாம்பார் சிந்திய வேட்டியைச் சோப்புப் போட்டதும் கறை சிவக்கிறது, ஏனென்றால் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், சோப்பின் காரத்தில், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மையில், நிறம் மாறும். பிறகு வெயிலில் காயப்போட்டால் நாளடைவில் வெளுத்தும் விடுகிறது. குர்குமின் பருத்தியை வலுவற்ற ஈர்ப்பால்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. 1884-இல் வந்த காங்கோ சிவப்பு போன்ற நேரடிச் சாயங்களும் இவ்வாறே. நீளமான, தட்டையான அவற்றின் மூலக்கூறுகள் செல்லுலோஸ் சங்கிலியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வெந்நீரும் சோப்பும் பட்டால் ஒவ்வொரு சலவையிலும் சிறிது சிறிதாக எழுந்து போய்விடும். சாயம் இறங்குகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

1956-ஆம் ஆண்டு இந்த நிலைமை மாறியது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிந்த வினைபுரி சாயங்கள், அதாவது திருப்பூர்ப் பட்டறைகளில் ரியாக்டிவ் என்று வழங்கும் சாயங்கள், அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தன. பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் 1856-இல் முதல் செயற்கைச் சாயத்தைத் தற்செயலாகக் கண்டு சரியாக நூறாண்டு கழிந்திருந்தது. புதிய சாய மூலக்கூறில் நிறம் தரும் பகுதியோடு ஒரு வளையமும் இணைந்திருந்தது. மூன்று கார்பனும் மூன்று நைட்ரஜனும் மாறி மாறி அமைந்த அந்த வளையத்தில் குளோரின் அணுக்கள் இரண்டு தொங்கும். பருத்தியின் ஆக்சிஜன் அந்த வளையத்தைத் தாக்கிக் குளோரினை வெளியேற்றி, அதன் இடத்தில் தானே அமர்ந்துகொள்கிறது. இது சகப்பிணைப்பு, அதாவது இரு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் உறுதியான பிணைப்பு; செல்லுலோஸ் சங்கிலியின் மணிகளை ஒன்றோடொன்று கோத்திருப்பதும் அதே வகைப் பிணைப்புதான். நிறம் அதன்பின் துணியின் மேல் பூசப்பட்ட ஒன்றாக இல்லாமல், துணியின் மூலக்கூறிலேயே ஓர் உறுப்பாகிவிடுகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

ஆனால் பருத்தியின் ஹைட்ராக்சில் தொகுதி இயல்பில் சோம்பலானது. தானாகச் சென்று எதையும் தாக்காது. அதை எழுப்புவது சோடியம் கார்பனேட், கடைகளில் சலவை சோடா அல்லது சோடா ஆஷ் என்று கிடைப்பது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) அதன் கரைசலின் மதிப்பு ஏறக்குறைய 11. அந்தக் காரத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகளில் ஒரு பங்கு தம் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின் ஏற்றம் பெறுகின்றன. அப்போதுதான் அவற்றுக்குத் தாக்கும் வலிமை வருகிறது. பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. சலவை சோடா கிடைக்கவில்லையென்று சமையல் சோடாவைப் போடுகிறார்கள், அதன் பி.எச். 8-ஐச் சற்றே தாண்டும். பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், அந்த வேறுபாடு பல நூறு மடங்கு. வினிகரும் உப்பும் சேர்த்தால் நிறம் நிற்கும் என்ற அறிவுரை இன்னும் மோசமானது. வினிகர் அமிலம், பட்டுக்கும் கம்பளிக்கும் உரிய அமிலச் சாயங்களுக்கு அது தேவை, பருத்தியிலோ அது சோடா செய்த வேலையை அழித்துவிடும். உப்புக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. நீரில் பருத்தியின் மேற்பரப்பும் எதிர்மின், சாயமும் எதிர்மின் என்பதால் இரண்டும் விலகி நிற்கும். உப்பின் சோடியம் அயனிகள் இடையில் புகுந்து அந்த விலக்கத்தை மட்டுப்படுத்தி, வாளி நிறைய இருக்கும் நீரிலிருந்து சாயத்தைத் துணிக்கு அருகில் கொண்டுவருகின்றன. நிறத்தை நிலைக்க வைப்பது சோடாவே. சாயத்தைக் கெட்டியாகக் கரைத்து நேராகத் துணி மேல் ஊற்றும் டை-டையில் உப்பே வேண்டியதில்லை.

லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சோடா என்ற அளவில் கரைத்து, கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் போக நன்றாகத் துவைத்த துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து எடுத்தால் போதும். அதன்பின் கட்ட வேண்டும். துணியை விரித்து, நடுவில் கிள்ளிப் பிடித்துத் திருகினால் அது வட்டமான அடைபோலச் சுருளும். அதன் மேல் ரப்பர் வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, எட்டுத் துண்டாக வெட்டியதுபோல் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு நிறத்தை ஊற்றினால் சுழி வடிவம் வரும்.

அந்தச் சுழிக்குள் இரண்டு ஓட்டங்கள் போட்டியிடுகின்றன. இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, சாயத்தை உள்ளே இழுக்கின்றன. அதே நேரத்தில், சோடா ஊறிய இழைகள் வழியிலேயே சாய மூலக்கூறுகளைப் பற்றி நிறுத்துகின்றன. உள்ளே போகப் போகச் சாயம் குறைந்துகொண்டே வர, மடிப்பின் ஆழத்துக்குப் போய்ச் சேருவது தெளிந்த நீர் மட்டுமே. விளிம்பிலே அடர்ந்து உள்ளே மெலியும் அந்த நிறச்சாய்வு, கலைஞரின் தூரிகை செய்தாற்போலத் தோன்றினாலும், இந்தப் போட்டியின் விளைவுதான். உலர்ந்த துணியில் ஊற்றினால் இடைவெளிகள் காலியாக இருப்பதால் சாயம் கட்டுக்கடங்காமல் ஓடும். பிழிந்த ஈரத்துணியில் அவை பாதி நிறைந்திருப்பதால் கோடு நிற்கும். இறுகக் கட்டிய இடத்தில் இடைவெளிகளே நசுங்கிவிடுகின்றன, அங்கே வெள்ளை தங்குகிறது. சுங்குடி முடிச்சிலும் நடப்பது இதுவே; நூல் இறுகச் சுற்றிய கழுத்துப்பகுதி வெள்ளையாக நிற்கிறது, அவிழ்த்த பிறகும் முடிச்சு நின்ற இடத்தில் துணி மெல்லப் புடைத்துக்கொண்டு விரலுக்குத் தட்டுப்படுகிறது.

கறுப்பை ஊற்றியவர்கள், அதன் ஓரத்தில் ஊதாவோ நீலமோ சிவப்போ ஒரு நிழலாகப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். விற்பனைக்கு வரும் கறுப்புப் பொடி பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. விரைவாக வினைபுரிவது அருகிலேயே நின்றுவிட, மெதுவாக வினைபுரிவது தொலைவு ஓடிவிடுகிறது. பள்ளி ஆய்வகத்தில் வடிதாளின் மீது மைத்துளி வைத்து நிறங்களைப் பிரித்த சோதனைக்கு இது நெருங்கிய உறவு.

பிறகு காத்திருத்தல். நம் ஊர்க் கோடை உதவுவது இங்கேதான். குளிர்நாடுகளில் இருபத்துநான்கு மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால், கத்திரி வெயில் நாள்களில் நிழலான அறையில் ஓர் இரவே போதுமானது. ஆனால் துணியை வெயிலில் விரித்து உலர்த்திவிடக் கூடாது. நீர் இருக்கும் வரைதான் சாயம் நகர்ந்து பருத்தியைத் தேடும். உலர்ந்ததும் வினை நின்றுவிடும். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஈரமாகவே வைக்க வேண்டும். வெப்பத்துக்கு மறுபக்கமும் உண்டு. பருத்தியைத் தாக்கும் அதே சாயம் நீரையும் மெதுவாகத் தாக்கி வீணாகிறது. நேற்றுக் கரைத்து மிச்சம் வைத்த சாயம் பார்வைக்கு அதே நிறத்தில் இருந்தாலும் அதற்குப் பிடிக்கும் சக்தி குறைந்திருக்கும், சோடா கலந்ததோ சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். அண்ணன் மகள் மறுநாள் மிச்சச் சாயத்தில் முக்கிய தலையணை உறை முதல் துவைப்பிலேயே வெளிறிப்போனது இதனால்தான்.

கழுவும்போதும் வரிசை முக்கியம். முதலில் குளிர்ந்த ஓடுநீரில் சோடா போகும் வரை அலச வேண்டும். இல்லையென்றால் கழன்று வரும் சாயம் வெள்ளைப் பகுதிகளில் பற்றிக்கொள்ளும். அதன்பிறகே முடிச்சை அவிழ்த்து, வெந்நீரிலும் சோப்பிலும் அலச வேண்டும். நீரோடு வினைபுரிந்து வீணான சாயம் இழையை வலுவின்றி ஒட்டிக்கொண்டிருப்பதால், அதை எழுப்புவதற்குச் சூடு தேவை. அலசிய நீரைப் பார்க்கும்போது திருப்பூரை நினைக்காமல் இருக்க முடியாது. ஆலைகளிலும் இதே சாயம்தான், பிடிக்காத பங்கு அங்கும் உண்டு. அதனோடு பெருமளவு உப்பும் நொய்யல் ஆற்றில் கலந்து, உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டு, வழக்குகள் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் அவை மீண்டும் இயங்கலாம் என்றானது. வீட்டு வாளி சிறியதுதான் என்றாலும், அந்த நீரைக் கிணற்றோரத்திலோ செடியின் வேரிலோ ஊற்ற வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சாயப்பொடியைச் சுவாசித்தால் சிலருக்கு மூச்சுத்திணறல் ஒவ்வாமையே வந்துவிடக்கூடும்; பருத்தியோடு பிணையும் அதே வளையம் நம் உடலின் புரதங்களோடும் பிணையும். பொடியைக் கரைக்கும் வரை முகக்கவசமும், முழுநேரமும் கையுறையும் வேண்டும். அந்த வாளியையும் கரண்டியையும் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. கறுப்புச் சட்டையில் பிளீச்சிங் நீரை ஊற்றி நிறமெடுக்கும் முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. அதைச் செய்பவர்கள் வேலை முடிந்ததும் வாடை போக்குவதற்காக வினிகரைச் சேர்த்துவிடக் கூடாது, அமிலம் பட்டால் அதிலிருந்து நச்சுக் குளோரின் வாயு எழும்.

தையலின் கதையை அவள் அத்தோடு விடவில்லை. அடுத்த சட்டையில் கழுத்தோரத் தையலைப் பிரித்துவிட்டு, தையல்காரரிடம் கேட்டு வாங்கிய வெள்ளைப் பருத்தி நூலால் மீண்டும் தைத்து, அதன் பிறகு சாயமிட்டாள். பளபளப்புக்காகவும் உறுதிக்காகவும் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்திய மெர்சரைஸ்டு நூல் அது. 1844-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜான் மெர்சர் தொடங்கிய சோதனைகளிலிருந்து வந்த முறை. அந்தப் பதத்தில் இழை உப்பி, உள்ளமைப்பு தளர்ந்து, சாயம் புகுவதற்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. மறுநாள் கொடியில் காய்ந்த சட்டையில், நீலத் துணியைச் சுற்றி அதைவிட ஒரு படி அடர்ந்த நீலத்தில் தையல் ஓடியிருந்தது.