கள்ளுக்குப் பயந்த குடும்பம் வேப்புக்கு ஏன் பயப்படவில்லை?

கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாமனார் காலத்தில் கள்ளு. வீட்டுக்காரர் காலத்தில் சிகரெட். இப்போது படிவம் மூன்று படிக்கும் மகன் பையில் வேப் (மின்சிகரெட்). இது நம் இரத்தத்திலேயே ஊறிவிட்டதா சார்?”

இல்லை அக்கா. போதைக்கு அடிமையாவதில் மரபணுவுக்கு ஓரளவு பங்குண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் மரபணு ஐந்தாண்டில் மாறாது, பழக்கம் மாறிவிடுகிறது. நம் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின் கணக்கு இது: 13 முதல் 17 வயதுக்குள் சிகரெட் பிடிப்பவர்கள் 2017இல் 13.8 விழுக்காடு, 2022இல் 6.2. அதே ஐந்தாண்டில் வேப் 9.8இலிருந்து 14.9க்கு ஏறிவிட்டது. இரத்தத்தைக் குறை சொல்லி இதை விளக்க முடியாது.

பிறகு எதுதான் ஏற்றி இறக்குகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்றே போகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975இலிருந்து ஆண்டு தவறாமல் பள்ளி இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்டு வருகிறது. பயன்படுத்தினாயா, தேடினால் கிடைக்குமா, தொடர்ந்து பயன்படுத்தினால் எவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறாய் என்பவை அதில் முக்கியமான கேள்விகள். முந்தைய ஓராண்டில் கஞ்சா புகைத்ததாகச் சொன்னவர்கள் 1979இல் 51 விழுக்காடு, 1992இல் 22. பாதிக்கும் கீழே.

போலீஸ் பிடித்ததால் சரக்கு வற்றிப்போனது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் “சுலபமாகக் கிடைக்கும்” என்றவர்கள் அந்த ஆண்டுகள் முழுக்க எண்பது விழுக்காட்டுக்குக் குறையவே இல்லை. சரி, பிள்ளைகள் பக்திமான்களாகி, இரவில் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டார்களா? ஜெரால்ட் பாக்மன், லாய்ட் ஜான்ஸ்டன் குழு 1988இல் இதையும் பிரித்துப் பார்த்தது. எந்தப் பிள்ளை தொடுவான், எவன் தொடமாட்டான் என்பதைப் பக்தியும் ஊர் சுற்றலும் ஓரளவு சொல்கின்றன; மொத்தத் தொகை ஏன் சரிந்தது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னது ஆபத்து பற்றிய அந்த மூன்றாவது கேள்வி. தொடர்ந்து கஞ்சா புகைப்பது பேராபத்து என்றவர்கள் 1978இல் 35 விழுக்காடு, 1991இல் 79. இன்னும் அழகு அடுத்து நடந்ததில் இருக்கிறது. 1991க்குப் பிறகு முதலில் பயம் இறங்கியது, பயன்பாடு அதன் பின்னால்தான் ஏறியது.

அந்தப் பயம் ஏன் இறங்குகிறது? ஜான்ஸ்டன் இதைத் தலைமுறை மறதி என்கிறார். பழக்கம் பெருகும்போது அதனால் கெட்டவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பார்த்தவர்கள் பயந்து ஒதுங்க, பழக்கம் குறைகிறது. குறைந்ததும் கெட்டவர்களும் கண்ணில் படுவதில்லை. அடுத்து வளரும் பிள்ளைகள் எதையும் பார்க்காததால் பயப்பட அவர்களுக்குக் காரணம் இல்லை. பயம் ஜெயிக்க ஜெயிக்கத் தன் சாட்சிகளையே அழித்துக்கொள்கிறது. புதிய பொருளென்றால் இன்னும் மோசம்: அதன் சுகம் ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவும், கேடு தெரிய வருடக்கணக்காகும்.

நம் தோட்டத்துக் கதையை இதில் வைத்துப் பாருங்கள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர். சம்பள நாள் இரவில் பக்கத்து வீட்டில் எந்தச் சட்டி உருண்டது, யார் அடி வாங்கியது, எல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கேட்கும். கள்ளின் கேட்டைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக்காரர்களின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் உங்கள் ஊர்ப் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தது. 1947இல் போலீஸோடு மோதல் வரை போனது. பிறகு தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் போய், எல்லாரும் தாமானுக்கு (நகர்க் குடியிருப்புக்கு) வந்துவிட்டோம். செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று இப்போது யாருக்கும் தெரியாது.

வேப்புக்கு இந்த மறதிகூடத் தேவைப்படவில்லை. உடம்பு தரும் எச்சரிக்கையையே அது மழுக்கிவிடுகிறது. நிகோட்டின், வேதியியல் கணக்கில், அமிலத்துக்கு எதிரான ஒரு காரம். அளவு கூடினால் தொண்டை எரியும், இருமல் வரும். பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக்கினால் எரிச்சல் தணிந்துவிடும், பல மடங்கு நிகோட்டின் மாம்பழ வாசத்தோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அமெரிக்க இறுதியாண்டு மாணவர்களிடம் நிகோட்டின் வேப் 2017இல் 11 விழுக்காடு, மறு ஆண்டே 21. அந்த ஆய்வின் நாற்பதாண்டு வரலாற்றில் எந்தப் பொருளும் ஒரே ஆண்டில் இப்படித் தாவியதில்லை. நாமோ 2023 மார்ச்சில் நிகோட்டின் திரவத்தை நஞ்சுப் பட்டியலிலிருந்தே எடுத்தோம். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கத் தடை போடும் புதிய சட்டம் 2024 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தது. நஞ்சில்லை என்று அரசே சொன்னதாகத்தானே ஒரு பதினைந்து வயதுப் பையன் எடுத்துக்கொள்வான்?

பயத்தை வைத்து எல்லாவற்றையும் கணித்துவிட முடியாது. 2000களின் நடுவிலிருந்து கஞ்சா மீதான பயம் அமெரிக்காவில் சரிந்துகொண்டே வந்தும், பயன்பாடு அதே வேகத்தில் ஏறவில்லை. சிகரெட்டே பிடிக்காத பிள்ளைகள் பெருகியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பிடிக்காதவனுக்குப் புகையை உள்ளிழுக்கவே முதலில் பழக வேண்டுமே.

இன்னொன்று. பையன் எரிந்து விழுகிறான், சாப்பாடு இறங்கவில்லை என்றால் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கயிறு கட்டக் கிளம்பாதீர்கள். நிகோட்டின் கிடைக்காத பள்ளி நேரம் முடிந்து வருகிறவன் எரிந்துதான் விழுவான். கயிற்றுக்குக் கொடுக்கும் பணத்தை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

என் பெரிய மனக்குறை வேறு. நம் இளையோர் ஆய்வு 2012, 2017, 2022 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. பயம் சரிவதைப் பழக்கம் ஏறும் முன்பே பார்க்க முடியும் என்று மிச்சிகன் காட்டியது, ஆண்டுதோறும் கேட்டதால்தான். 2017இல் படிவம் ஒன்றில் இருந்தவன், 2022இல் ஆய்வுக்காரர் வந்தபோது பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு வேலைக்கே போயிருப்பான். சுவரொட்டிப் போட்டிக்கும் ஊர்வலத்து டீ-சட்டைக்கும் ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை சில நூறு பள்ளிகளில் “இது எவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறாய்?” என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டால்கூடப் போதும்.