ஒரு ஜூலுக்கும் குறைவு: சுருள்வில் கார் செய்யும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

பதினாறு ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். அறிவியல் கண்காட்சி நெருங்கும் வாரங்களில் என் மேசைக்கு வந்து சேரும் மாதிரிகளுள் சுருள்வில்லால் ஓடும் கார் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். இரும்புக் கடையில் விற்கும் பலகை எலிப்பொறியை வாங்கி, அதன் அடிக்கும் கம்பியோடு நீண்ட குச்சி ஒன்றைச் சேர்த்துக் கட்டி, குச்சியின் நுனியிலிருந்து வரும் நூலைப் பின்சக்கர அச்சில் சுற்றிவிட்டால் கார் ஆயத்தம். குச்சி மெல்ல எழும்போது நூல் இழுபட்டு அச்சு சுழலும். செலவு குறைவு, ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலை என்பதால் பெற்றோரும் மறுப்பதில்லை. நானும் மறுத்ததில்லை, ஆனால் அனுமதி தருவதற்கு முன் சொல்ல வேண்டியவற்றை நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை சரியாகச் சொன்னதில்லை.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் காரைத் தரையில் வைத்து, நூல் நேராகச் சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அச்சில் இருந்த கொக்கியிலிருந்து நூல் நழுவியது. முப்பது சென்டிமீட்டர் நீள அலுமினியக் குழாய் அரைவட்டம் அடித்து வந்து அவன் புருவத்துக்குக் கீழே வெட்டியது. இரண்டு தையல் போட வேண்டியிருந்தது, கண் தப்பியது. கை எட்டும் தொலைவில் நின்றிருந்த எனக்கு அது அசைந்ததே தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. கண்ணாடி அணியச் சொல்லாதது என் தவறு.

முறுக்கி வைத்த சுருள்வில் பார்வைக்குச் சும்மா கிடப்பதுபோலத்தான் இருக்கும். மின்சாரத்தைக் கண்டு அஞ்சப் பழகிய நாம், அசையாமல் இருக்கும் கம்பியைக் கண்டு அஞ்சுவதில்லை. இத்தனைக்கும் அதனுள் இருக்கும் ஆற்றல் மிகச் சிறியது. எவ்வளவு சிறியது என்பதை மாணவரே அளந்து கண்டுவிட முடியும். கார் கட்டுவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும் என்பது இப்போது என் நிபந்தனை.

பொறியைப் பலகையோடு மேசையில் இறுகப் பிடித்துக்கொண்டு, கம்பியின் நுனியில் சுருள்வில் தராசை மாட்டி, கம்பிக்குச் செங்குத்தாக இழுத்தபடி முப்பது பாகைக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அளந்த ஒரு பொறி, தொடக்கத்தில் 3 நியூட்டனும் முழுதாக மடக்கியபோது 7 நியூட்டனும் காட்டியது. இடைப்பட்ட அளவுகள் ஏறக்குறைய ஒரே சீராக ஏறின. வரைபடத்தில் நேர்கோடு கிடைத்தது. இதுதான் ஹூக் விதி. ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. (பலகை எலிப்பொறிக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவரின் பெயர் வில்லியம் ஹூக்கர்; வகுப்பில் இதைச் சொன்னால் இரண்டு பெயரும் மறப்பதில்லை.) நேர்கோடு பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்காமல் 3 நியூட்டனில் ஆரம்பிப்பது ஏன் என்று கேட்கும் மாணவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். ஓய்ந்திருக்கும்போதும் அந்தச் சுருள் சிறிது முறுக்கப்பட்டே இருக்கிறது; அதாவது அடித்து முடித்த பொறியும் முழுதாக ஓய்ந்ததன்று.

சராசரி விசை 5 நியூட்டன். கம்பியின் நீளம் 5 சென்டிமீட்டர் என்பதால் அரைவட்டத்தின் பாதை 15.7 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் சேமிக்கப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 0.8 ஜூல். பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றைத் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கும் வேலை, அவ்வளவே. அந்த 0.8 ஜூல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு குழாயின் நுனி வழியாக வெளியேறினால் தோல் கிழிகிறது; அரை நிமிடம் எடுத்துக்கொண்டு வெளியேறினால் கார் தாழ்வாரத்தைக் கடக்கிறது. காயத்தைத் தவிர்ப்பதும் காரைத் தொலைதூரம் ஓட்டுவதும், ஆற்றலை மெதுவாக விடுவித்தல் என்னும் ஒரே கேள்வியாகத்தான் முடிகின்றன.

எவ்வளவு மெதுவாக என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் காண ஒரு மீட்டர் நீளப் பலகை போதும். பொறியை முறுக்காமல் காரை அதன் மேல் வைத்து, ஒரு முனைக்கு அடியில் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, கார் லேசாகத் தள்ளியதும் நிற்காமல் சீராக உருளும் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் உயரத்தில் அது நடந்தால், உருளும்போது ஏற்படும் தடை காரின் எடையில் நூற்றில் இரண்டு பங்கு. கார் 200 கிராம் என்றால் எடை சுமார் 2 நியூட்டன், தடை 0.04 நியூட்டன். 0.8 ஜூலை 0.04ஆல் வகுத்தால் 20 மீட்டர். என்ன வித்தை செய்தாலும் அந்தக் கார் சமதரையில் அதற்கு மேல் ஓடாது.

மாணவர் பெரும்பாலும் சறுக்குவது அடுத்த இடத்தில். குச்சி நீளமாகவும் அச்சு மெல்லியதாகவும் இருந்தால் அதிகத் தொலைவு போகும் என்று எங்கோ கேள்விப்பட்டு, சைக்கிள் ஸ்போக் கம்பியையே அச்சாகப் போட்டுவிடுகிறார்கள். 30 சென்டிமீட்டர்க் குச்சி அரைவட்டம் திரும்பினால் 60 சென்டிமீட்டர் நூல் இழுபடும். ஸ்போக்கின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றால் அந்த நூல் அதில் 95 சுற்றுகள் வரும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிடிதான் சக்கரம் என்றால் 36 மீட்டர். காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் 0.8 ஜூலை 36 மீட்டருக்குப் பங்கிட்டால் கிடைக்கும் சராசரி இழுவிசை 0.022 நியூட்டன், தடையோ 0.04. கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்போக்கின் நடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டத்தை 6 மில்லிமீட்டராக்கினால் இழுவிசை ஏறத்தாழ மும்மடங்காகி, கார் 12 மீட்டர் இழுபட்டு, மீதித் தூரத்தைத் தன் வேகத்தில் உருண்டு கடக்கும். அரை ரூபாய் டேப்பில் தீரும் இச்சிக்கலுக்காக இன்னொரு பொறியை வாங்கி மாட்டிய தகப்பனாரையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பொறி, காயத்தின் அளவையும் இரட்டிப்பாக்கும்.

கட்டுமானத்தில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அச்சு சுழல, கழுவிய ஜெல் பேனா ரீஃபில் குழாய் நன்றாக உதவும். சிடியின் நடுத்துளையை நிரப்பக் குழாய் வாஷர் போதும். சிடியைக் கத்தரித்தாலோ துளையிட்டாலோ கூரிய சில்லுகள் தெறிக்கும். சக்கரம் வழுக்கினால் பலூனின் வாயை வெட்டிவிட்டு விளிம்பில் மாட்டலாம். நூலை அச்சில் முடிச்சிடக் கூடாது. சிறு கொக்கியில் கண்ணியாக மாட்ட வேண்டும். முடிச்சிட்டால், குச்சி ஓய்ந்த பின் நூல் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு காரை நிறுத்திவிடும். அதே போன்ற கொக்கியிலிருந்து நூல் நழுவித்தான் எங்கள் மாணவனுக்கு அடிபட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, இரையை மாட்டும் தகட்டையும் பூட்டும் கம்பியையும் முதல் வேலையாகக் கழற்றிவிட வேண்டும். கார் ஓட அவை தேவையில்லை, விரலை நசுக்க மட்டுமே பயன்படும். நூலைச் சுற்றும்போது குச்சியை ஒரு கை விடாமல் பிடித்திருக்க, மறுகை சக்கரத்தைத் திருப்ப வேண்டும். தச்சர் அணியும் பாதுகாப்புக் கண்ணாடி இருவருக்கும் வேண்டும்: சுற்றுபவருக்கும் அருகில் குனிந்து பார்ப்பவருக்கும். முறுக்கிய காரைப் பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவருவதை நான் அனுமதிப்பதில்லை. கண்காட்சி மேசையிலும் நடுவர் வந்து நின்ற பிறகே முறுக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் தொடக்கப் பள்ளிக் குழந்தையின் முகம் அந்த மேசையின் உயரத்தில்தான் இருக்கும்.

கடையில் ஆயத்தமாக விற்கும் கார்களைப் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் நடுவராகச் செல்லும்போது காரை ஓட்டிக் காட்டச் சொல்வதற்கு முன், அது எத்தனை மீட்டர் ஓடும் என்றுதான் நான் கேட்பேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 20 மீட்டர் என்று பலகையில் எழுதிவைத்துவிட்டு ஓட்டினாள். 60 சென்டிமீட்டர் ஓடு பதித்த தாழ்வாரத்தில் அது 22 ஓடுகளைக் கடந்து, இடப்பக்கம் வளைந்து, சுவரை உரசி நின்றது. 13.2 மீட்டர். அவள் முகம் வாடவில்லை. தரையில் மண்டியிட்டு, முன் அச்சு எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளவுகோலை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அடுத்த மேசைக்குப் போக வேண்டிய நானும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.