வாசப்படியைத் தண்ணீர் தொடும் முன்: சென்னை மழைவெள்ளமும் வீட்டுக் கரண்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் எல்லாருக்கும் ஏரிக் கணக்கு அத்துப்படி. செம்பரம்பாக்கம் 24 அடியில் இப்போது எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பால்காரர் வரை சொல்லிவிடுவார். 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றது. இந்தக் கணக்குகள் நினைவிருக்கிற அளவுக்கு, தன் வீட்டு மெயின் சுவிட்ச் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

வெள்ள நேரத்தில் அடிக்கடி காதில் விழுவது, "ஈபிக்காரங்க கரண்டை நிறுத்திட்டாங்க, இனிமே பயமில்ல" என்பது. ஈபி லைன் செத்திருக்கலாம், வீடு சாகவில்லை. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் லைன் போன நொடியிலேயே அது 230 வோல்ட்டை உள்ளே ஊட்டத் தொடங்கிவிடும். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் சர்க்யூட்டில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பொது ஜெனரேட்டர் வேறு. மாடியில் சோலார் இருந்தால், ஈபி போனதும், அதை ஈபி லைனோடு இணைக்கும் கிரிட் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். ஆனால் பேனலிலிருந்து கீழே வரும் டிசி ஒயரில் வெளிச்சம் உள்ளவரை சில நூறு வோல்ட் நிற்கும். போதாததற்கு, நிறுத்திய லைனைத் திரும்ப எப்போது கொடுப்பார்கள் என்று யாரும் வீடுவீடாக வந்து சொல்லப்போவதில்லை.

சரி, எவ்வளவு தண்ணீர் வந்தால் ஆபத்து? முழங்கால் அளவு என்று நினைக்கிறார்கள். நம் வீடுகளில் கீழ் பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து சுமார் ஓர் அடியில் இருக்கும். அதற்கும் முன்பே ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரின் ஒயர் முனைகளும் வாஷிங் மெஷின் மோட்டாரும் நனைந்துவிடும். இரண்டும் தரையை ஒட்டியே இருக்கின்றன. டிவிக்குப் பின்னால் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு இரண்டு விரற்கடை தண்ணீர் போதும். ஆகவே மெயினை இறக்க வேண்டிய நேரம், தெருவில் தண்ணீர் ஏறி வாசப்படியைத் தொடுவதற்கு முன்.

இறக்குவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சம்ப் மோட்டார், போர் மோட்டார் ஸ்டார்ட்டர்கள். அடுத்தது இன்வெர்ட்டர். முன்பக்கப் பட்டனை அணைத்தால் பேக்கப் மட்டும்தான் நிற்கும். லைன் இருந்தால் அதன் வழியாக ஈபி கரண்ட் அப்படியே கடந்து போகும். எனவே சுவரிலிருந்து அதன் பிளக்கையும் பிடுங்க வேண்டும். பேட்டரியை மேசைமேல் ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள், ஆனால் முனைகளைக் கழற்றிய பிறகு. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் தீப்பொறி பறக்கும். கடைசியாக மெயின். இதையெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே, உலர்ந்த தரையில் நின்று, உலர்ந்த கையால் செய்ய வேண்டும். மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது என்றால் அதை நோக்கி நடக்கவே கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. தெரு, கதவு எண், மின் இணைப்பு எண் சொல்லி வெளியிலிருந்து சப்ளையைத் துண்டிக்கச் சொல்லுங்கள். இணைப்பு எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள். அன்றைக்கு ஈபி அட்டை பீரோவுக்குள் நனைந்துகொண்டிருக்கும்.

"ரப்பர் செருப்பு போட்டிருக்கேனே" என்பவர்களுக்கு: நனைந்த செருப்பு, கணுக்கால்வரை தண்ணீர் என்றானபின் அந்த ரப்பருக்கு வேலையே இல்லை.

எம்சிபி காப்பாற்றாது

கரண்டை வீட்டுக்குள் பிரித்துவிடும் டிபி பாக்ஸில் வரிசையாக எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே விழுந்து அணையும் சுவிட்ச்) இருப்பதைப் பார்த்துத் தைரியம் கொள்கிறவர்கள் அதிகம். ஒயர் சூடாகி எரியாமல் காப்பதுதான் எம்சிபியின் வேலை. மனிதரைக் காப்பது அதன் கணக்கிலேயே இல்லை. நனைந்த உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயம் தாளம் தப்பி நடுங்க அதில் கால்பங்கே போதும். 6 ஆம்பியர் எம்சிபிக்கோ அப்படி ஒன்று பாய்ந்ததே தெரியாது.

"எர்த் நல்லா போட்டிருக்கோம்" என்பதும் முழுப் பதில் ஆகாது. வீட்டு எர்த் குழியும் டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தும் சேர்ந்து 10 ஓம் என்றால், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் ஃப்ரிட்ஜ் உடம்பைத் தொட்டாலும் 23 ஆம்பியர்தான் ஓடும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியருக்கு அது சாவகாசமாகச் சூடேறி விழும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கரண்ட்.

ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச், இதற்காகவே வந்தது. ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்து, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். வாங்கும்போது 30 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீவிபத்துத் தடுப்புக்கானவை, ஆளைக் காக்காது. ஆர்சிசிபியின் மேலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. இதற்கும் எல்லை உண்டு: ஒரே ஆள் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் ஆர்சிசிபிக்கு அவரும் ஒரு பல்பும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆர்சிசிபி இருக்கிற பல வீடுகளில் அது பைபாஸ் செய்யப்பட்டிருக்கிறது. இன்வெர்ட்டர் மாட்டும்போது அதன் சர்க்யூட்டின் நியூட்ரலையும் மற்ற நியூட்ரல்களையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். கணக்கு இடிக்கும், ஆர்சிசிபி அடிக்கடி விழும். "இது தொல்லை சார்" என்று அதைத் தாண்டி ஒயரை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. நியூட்ரலைப் பிரிக்க அரை நாள் ஆகும், பைபாஸுக்கு ஐந்து நிமிடம். உங்கள் வீட்டில் எது நடந்தது என்று அறிய டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆர்சிசிபி விழுந்த பிறகும் விளக்கு எரிந்தால், இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் எரிந்தால் பைபாஸ்தான்.

தெருவில்

நகரின் பல பகுதிகளில் கேபிள் மண்ணுக்கடியில் போகிறது. அதன் இணைப்புகள் தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸில். கதவில்லாத பில்லர் பாக்ஸ், தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் திறந்து கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸ், கடைவாசல் விளம்பரப் பலகை: மழையில் இந்த மூன்றையும் தொடாமல் தள்ளி நடக்க வேண்டும். தண்ணீரில் நடக்கும்போது காலில் சுருசுருவென்று உணர்ந்தால் முன்னே போகாதீர்கள்; பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி, வந்த வழியே சின்னச் சின்ன அடியாகத் திரும்புங்கள். இரண்டு பாதத்துக்கும் இடையே தூரம் கூடக்கூட அவற்றுக்கிடையிலான வோல்ட்டும் கூடும். அறுந்து கிடக்கும் ஒயருக்குப் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், அது கேபிள் டிவி ஒயராகத் தோன்றினாலும். மேலே எங்காவது அது ஈபி லைனில் உரசிக்கொண்டிருக்கலாம்.

ஒருவர் ஷாக் அடித்துத் தண்ணீரில் விழுந்துவிட்டால் ஓடிப்போய்த் தூக்கத்தான் கை துடிக்கும். இரண்டாவது உயிர் போவது அப்படித்தான். முதலில் சப்ளையை நிறுத்த வழி தேடுங்கள், 108-ஐ அழையுங்கள். கரண்ட் போனது உறுதியானதும் ஆளை மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவே 5 செ.மீ. அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். களைத்தால் அடுத்தவர் மாறட்டும், இடைவெளி விழக்கூடாது.

தண்ணீர் இறைக்கும்போது

வெள்ளம் வடியும் நாட்கள்தான் மோசம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சப்மெர்சிபிள் பம்பை இறக்கி, ஒயர் போதாமல் நடுவில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி, அந்த ஒட்டு தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். வாட்ச்மேன் அதில் இறங்கிச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருப்பார். ஒட்டில்லாத ஒரே ஒயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக சப்ளை, பம்ப் ஓடும்போது தண்ணீருக்குள் ஒருவரும் இல்லை: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பம்பைப் போடாதீர்கள். டீசல் இன்ஜின் வைத்தால் அதைத் தெருவில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாடகை ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றுவதும் நடக்கிறது. மெயின் இறங்காமல் இருந்தால் அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்து 11,000 வோல்ட்டாக வெளியே வரும். லைன் செத்தது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் கையில் அது இருக்கும்.

ஈபி சப்ளை திரும்பியதும் மெயினை ஏற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வெள்ளத்தில் முங்கிய எம்சிபி, ஆர்சிசிபி, சுவிட்ச், சாக்கெட் எதையும் காயவைத்துப் பயன்படுத்த முடியாது. சாக்கடை நீரின் உப்பும் வண்டலும் உள்ளே படிந்து கரண்ட் கடத்தும். மாற்றித்தான் ஆக வேண்டும். குழாய்க்குள் இருக்கும் ஒயர் பெரும்பாலும் பிழைக்கும். 500 வோல்ட் மெக்கர் (ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டிலும் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். மெக்கர் இல்லாமல் டெஸ்டரோடு மட்டும் வருபவரை நம்பி மெயினை ஏற்ற வேண்டாம்.

ஏற்றிய பிறகு சில பல்பு மங்கி, சில பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. மரம் விழுந்த தெருக்களில் இது சகஜம். ஒரு ஃபேஸில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறும். உடனே மெயினை இறக்கி மின்னகத்துக்குச் சொல்லுங்கள். முங்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டரைச் சார்ஜில் போடாமல் கட்டடத்தைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். நனைந்த லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஒயரிங்கில் ஒரு மாற்றம் செய்யலாம். கீழ் பிளக் பாயிண்டுகளைத் தனி சர்க்யூட்டாகப் பிரித்து, அதற்குத் தனி ஆர்சிசிபி கொடுத்து, டிபி பாக்ஸை ஐந்தடி உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். தெருவில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதும் கீழ் சர்க்யூட்டை மட்டும் முன்கூட்டியே இறக்கிவிடலாம். விளக்கும் ஃபேனும் இருக்கும் என்பதால் அதை இறக்க யாரும் தயங்க மாட்டார்கள். வாசப்படிக்குத் தண்ணீர் வருவதற்குள் மெயின். ஒரு சாதாரண வீட்டுக்கு இது இரண்டு நாள் வேலை. ஆவணியில் கேட்டால் எலக்ட்ரீஷியன் மறுநாளே வருவார்.