காலண்டர் படம் யாருடையது? ஓவியமும் டிசைனும் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

காலண்டர் சாமிப் படத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது என்ற நினைப்பு நம் தொழிலில் வேரோடிக் கிடக்கிறது. கும்பாபிஷேக ஃபிளெக்ஸோ ஊதுபத்தி அட்டையோ, பழைய படம் ஒன்றை ஸ்கேன் செய்து, பின்னணியை வெட்டி, மூலையில் இருக்கும் ஓவியரின் கையெழுத்தை முதல் வேலையாக அழித்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியதே அந்தக் கையெழுத்தைத்தான்.

கோவில்பட்டி கொண்டையராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1898ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, பிறகு கோவில்பட்டியிலேயே தங்கி, காலண்டர்களுக்குப் படம் வரைந்தார். மறைந்தது 1976ல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் தொடங்கி 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. ஆக அவர் படங்களுக்கு 2036 டிசம்பர் வரை உரிமையாளர் யாரோ இருக்கிறார். அது வாரிசாக இருக்கலாம், வரையச் சொல்லிக் காசு கொடுத்த நிறுவனமாகவும் இருக்கலாம். ரவி வர்மா இறந்தது 1906ல். அவர் ஓவியங்களின் உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது இரண்டும் ஒரே மாதிரி பழசாகத்தான் தெரியும்.

அப்படியானால் கொண்டையராஜுவிடமிருந்து எதையுமே எடுக்கக் கூடாதா? தாராளமாக எடுக்கலாம், எதை என்பதுதான் விஷயம். நாடகத் திரை எழுதிய கை அது என்பது படங்களிலேயே தெரியும்: தெய்வம் முன்னால் நம்மைப் பார்த்து நிற்கும், பின்னால் அரண்மனைத் தூணோ மலையோ நீர்வீழ்ச்சியோ மேடைப் படுதா போல விரிந்திருக்கும். அந்த உத்தி யாருக்கும் சொந்தமில்லை. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. மீனாட்சி கல்யாணத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். இன்னொருவர் வரைந்த அதே நிற்கும் கோணம், அதே புடவை மடிப்பு, அதே நகை வரிசை எல்லாம் சேர்ந்து வந்தால் அது நகல்.

இதற்கு நல்ல வழி, மூலத்துக்கே போவது. மதுரை கோயிலின் கம்பத்தடி மண்டபத் தூணில் அதே கல்யாணக் காட்சி கல்லில் இருக்கிறது. அங்கே நின்று பென்சிலில் வரைந்த ஒரு பக்கம், பின்டரெஸ்டில் சேமித்த நூறு படங்களைவிடப் பயன்படும். பின்டரெஸ்ட் உரிமம் தரும் இடமும் அல்ல; அங்கே இருப்பதில் பெரும்பாலானவை அடுத்தவர் உழைப்பு.

வேலை செய்யும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். மாதிரிப் படங்களைப் பார்த்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு, உள்ளங்கை அளவில் ஆறேழு சிறு வரைவுகள் போடுங்கள். ஒன்றைத் தேர்ந்த பிறகுதான் நகை, ஆயுதம் போன்ற நுணுக்கங்களுக்காகத் திரும்பத் திறக்க வேண்டும். முடித்ததும் மூலப் படத்தை 50 சதவீத ஒளிபுகு நிலையில் மேலே வைத்துப் பாருங்கள், இடம் வலம் மாற்றியும் பாருங்கள். விளிம்புக் கோடு ஒட்டி ஓடினால் மறுபடி வரைவதே நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள்: மூலம் எது, வரைந்தவர் யார், எப்போது இறந்தார், அதிலிருந்து எடுத்தது நிறமா அமைப்பா. லேயர்கள் உள்ள மூலக் கோப்பையும் தேதியிட்ட வரைவுகளையும் அழிக்காதீர்கள். தகராறு வந்தால் கையில் இருக்கப்போவது இவைதான்.

இனி உங்கள் படைப்பின் உரிமை. ஓவியமும் டிசைனும் சேர்த்துச் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி ஓவியமோ உருவப்படமோ வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அந்த வரியில் லோகோ, அட்டை வடிவமைப்பு போன்றவை பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. தனியாளாக நீங்கள் செய்த லோகோவின் உரிமை, எழுதிக் கொடுக்கும்வரை பொதுவாக உங்களிடமே இருக்கும். சம்பளத்துக்கு வேலை பார்த்தால் அது முதலாளிக்கு. ஆகவே முன்பணம் வாங்கும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். வாய்மொழியாக உரிமை மாறாது. எழுதிய ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாறுவது 5 ஆண்டுக்கு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்.

உரிமையை விற்ற பிறகும் உங்கள் பெயரைக் கோரவும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லியில் அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பம் கழற்றிச் சேதப்படுத்தப்பட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், அதைத் திருப்பித் தரவும் 5 லட்ச ரூபாய் கொடுக்கவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005ல் உத்தரவிட்டது. எதிர்த் தரப்பு மத்திய அரசே.

பலருக்குத் தெரியாத கண்ணி ஒன்று உண்டு. புடவை, கோப்பை, டைல்ஸ் போன்றவற்றுக்கான வடிவம் டிசைன் சட்டத்தில் பதியத் தக்கதாக இருந்தும் பதியாமல் விட்டால், உங்கள் அனுமதியோடு தொழில் முறையில் 50 படிகளுக்கு மேல் அச்சானதும் அதன் பதிப்புரிமை போய்விடும். டிசைன் பதிவை வடிவம் வெளியாகும் முன்பே செய்ய வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு விண்ணப்பித்தால் புதுமை இல்லை என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம்.