மொட்டைமாடி ஒழுகுகிறதா? பில்டரின் 5 ஆண்டுப் பொறுப்பும் நீங்கள் எழுத வேண்டிய கடிதமும்

கோடையில் சாவி வாங்கிப் பால் காய்ச்சிய புது வீட்டின் குறைகள் ஐப்பசி மழையில்தான் தெரியவரும். மேல்மாடி வீட்டின் சீலிங்கில் மஞ்சளாக ஒரு வட்டம் விழும். பில்டருக்குப் போன் செய்தால், "நாளைக்கே ஆள் அனுப்புறேன் சார்" என்பார். ஆள் வந்து மாடியில் சிமென்ட் பால் ஊற்றிவிட்டுப் போவார். அடுத்த மழையில் வட்டம் இன்னும் பெரிதாகும். மறுபடி போன், மறுபடி சிமென்ட் பால். இப்படி மூன்று நான்கு மழைக்காலம் ஓடுவதற்குள், சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கெடுவும் கரைந்துகொண்டே போகும். பலர் அதை இழந்த பிறகுதான் அப்படி ஒரு கெடு இருந்ததையே தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் கெடுவை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரெரா என்று எல்லோரும் சொல்கிற 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 14ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையையோ, வேலைத்திறன், தரம், சேவை ஆகியவற்றில் உள்ள வேறு குறையையோ வாங்கியவர் தெரியப்படுத்தினால், பில்டர் அதை 30 நாளுக்குள் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யத் தவறினால் வாங்கியவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு. சட்டம் சொல்வது இவ்வளவுதான்.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். "தூணோ பீமோ விரிசல் விட்டால்தான் எங்கள் பொறுப்பு, ஒழுகலுக்கெல்லாம் ஒரு வருடம்தான் வாரன்டி" என்று பில்டர் அலுவலகத்தில் சொல்வார்கள். சட்டமோ கட்டுமானக் குறையோடு வேலைத்திறன் குறையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. தளத்துக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியாகக் கொடுக்காதது வேலைத்திறன் குறைதான். அதற்கும் 5 ஆண்டுதான். அடுத்து, 5 ஆண்டு என்பது குறையைத் தெரியப்படுத்துவதற்கான கெடு. எண்ணத் தொடங்க வேண்டியது வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து. பத்திரம் பதிவான நாளோ கிரகப்பிரவேச நாளோ கணக்கில் வராது. அதனால் சாவி வாங்கியபோது கொடுத்த ஒப்படைப்புக் கடிதத்தை இன்றே தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் எழுதிய தேதியில்தான் நிற்கிறது.

இந்த உரிமை முதலில் வாங்கியவருக்கு மட்டும் உரியதல்ல. அவரிடமிருந்து விலைக்கு வாங்கியவரும், வீடு வாங்கியவரைச் சட்டம் குறிப்பிடும் சொல்லான 'ஒதுக்கீடு பெற்றவர்' ஆகவே கருதப்படுவார். ஆனால் நீங்கள் வாங்கிய நாளில் புது 5 ஆண்டு தொடங்கும் என்று நம்பிவிடாதீர்கள். முதல் ஒப்படைப்புத் தேதியை வைத்தே கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. வாடகைக்கு இருப்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவர் வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, உரிமையாளர்தான் எழுத வேண்டும். பில்டர் தனியார்தான் என்றும் இல்லை. வீட்டு வசதி வாரியம் போன்ற பொது அமைப்பு கட்டி விற்றாலும் அதுவும் சட்டத்தின் பார்வையில் பில்டர்தான்.

மொட்டைமாடியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒழுகுவது மேல்மாடிக்காரர் வீட்டில். ஒழுகவிடுவது எல்லோருக்கும் பொதுவான மாடி. சட்டம் மொட்டைமாடியைப் பொதுப் பகுதியாகவே எண்ணுகிறது. அதனால் குடியிருப்போர் சங்கமும் புகார் கொடுக்கலாம். "அது மேல் வீட்டுக்காரர் பிரச்சினை" என்று கீழ்வீட்டுக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்று அவர் வீட்டு சீலிங்கில் துருப்பிடிக்கும் கம்பி எல்லோருக்கும் சொந்தமான கட்டடத்தின் கம்பி. பால்கனி அப்படியல்ல. அது அந்தந்த வீட்டுக்காரரின் தனி உபயோகத்துக்கானது என்பதால் அவரே எழுதலாம்.

சரி, எது குறை? நல்ல மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரத்திலிருந்து வடிகால் வாய் வரை வாட்டம் சீராக இருக்கும். 100 அடிக்கு ஓர் அடியாவது இறக்கம் வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை நேர்க்கோணமாக விடாமல் சரிவாக மெழுகி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரின் மேலும் கொஞ்சம் ஏற்றியிருக்க வேண்டும். வடிகால் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை வெறும் சிமென்டால் அடைத்திருந்தால் அங்கேதான் முதலில் பிளக்கும். பால்கனியில் தளம் வீட்டுக் கதவைப் பார்த்துச் சாய்ந்திருக்கக் கூடாது. அதன் வெளி விளிம்பின் அடியில், தண்ணீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிட நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்க வேண்டும்.

சீலிங்கை உற்றுப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் கான்கிரீட் வழியாக வந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். வட்டத்துக்குள் வட்டமாகக் கறை இருந்தால் பல முறை நனைந்து காய்ந்திருக்கிறது. நேர்கோட்டில் செம்பழுப்புக் கறை ஓடினால் அது கம்பியின் தடம். தண்ணீர் கம்பி வரை போய்விட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து உந்திப் பெயர்த்துவிடும். காரை பெயர்ந்து விழும் கட்டத்தில் பெயின்ட் அடித்து மறைப்பது ஆபத்தான வேலை. மழை நின்ற பிறகும் நாள்முழுக்கக் கசிந்துகொண்டே இருந்தால், மாடியை மட்டும் சந்தேகப்படாமல் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் பாருங்கள்.

சாட்சி என்று வரும்போது தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனைக்கு ஈடு இல்லை. மழை இல்லாத நாளில் வடிகால் வாயைத் துணியால் இறுக அடைத்து, மாடியில் ஒரு பகுதிக்கு மட்டும் பாத்தி கட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் நேரமும் எழுதுங்கள். பக்கத்தில் அகலமான ஒரு பாத்திரத்திலும் தண்ணீர் வைத்து அளவைக் குறியுங்கள். வெயிலில் ஆவியாகிற அளவை அது காட்டும். அதைவிட அதிகமாக மாடித் தண்ணீர் இறங்கினால் கசிவு உறுதி. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை விட்டு, கீழே சீலிங்கையும் மேலே கோட்டையும் படமெடுங்கள். பில்டரின் ஆளையோ ஒரு சிவில் இன்ஜினியரையோ உடன் வைத்துக்கொண்டு செய்தால் பிறகு மறுக்க முடியாது. ஆனால் ஒன்று: கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிற தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஓர் அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. அங்கே முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்கட்டும்.

மாடியில் டிஷ் ஆன்டெனாவுக்கோ சோலார் தகட்டுக்கோ நீங்கள் துளை போட்டிருந்தால் பில்டர் அதைத்தான் முதலில் பிடிப்பார். துளை இருக்கும் இடமும் கசியும் இடமும் வேறு வேறு என்றால் இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். அவசரப்பட்டு வேறு ஆளை வைத்து மாடி முழுக்கப் பூச்சு அடித்துவிட்டால் குறையின் தடயமே போய்விடும். அவசரப் பழுது தவிர்க்க முடியாதென்றால், செய்வதற்கு முன் எல்லாவற்றையும் பதிவு செய்து, பில்டருக்கு எழுதிவிட்டு, ரசீதோடு செய்யுங்கள்.

இப்போது கடிதம். போனில் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஓரளவு உதவும். ஆனால் மின்னஞ்சலிலும், ரசீதும் சேர்ந்ததற்கான ஒப்புகையும் கிடைக்கும் வகையில் அஞ்சலிலும் அனுப்பிய கடிதம்தான் 30 நாளைத் தொடங்கி வைக்கும். மொழி அலங்காரம் எதுவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"உங்கள் குடியிருப்பில் இந்த எண் வீட்டை இந்தத் தேதியில் ஒப்படைக்கப் பெற்றேன். இந்தத் தேதியில் பெய்த மழைக்குப் பின் படுக்கையறை சீலிங்கில், மாடி வடிகால் வாய்க்கு நேர் கீழே, நீர் கசிகிறது. பூச்சு உப்பியுள்ளது, துருக்கறை தெரிகிறது. படங்களை இணைத்துள்ளேன். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, இந்த வேலைத்திறன் குறையை 30 நாளுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும். என்ன முறையில், என்ன பொருள் கொண்டு செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சிமென்ட் பால் ஊற்றிவிட்டு "சரிசெய்தாகிவிட்டது" என்று சொல்வதைத் தடுப்பது அதுதான். பழுது பார்த்த பிறகு மறுபடி ஒழுகினால் மறுபடி எழுதுங்கள். வேலை முடிந்ததாகக் கையெழுத்து கேட்டால், ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே முழுத் திருப்தி சொல்ல முடியும் என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்திடலாம்.

30 நாள் கடந்தும் ஒன்றும் நடக்கவில்லையா? தமிழ்நாட்டில் சென்னையில் உள்ள கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்துக்குப் போகலாம். குறையைச் சரிசெய்ய உத்தரவு வேண்டுமென்றால் குழுமத்திடம் 'எம்' படிவம். இழப்பீடு வேண்டுமென்றால் அதற்கென உள்ள தீர்ப்பு அலுவலரிடம் 'என்' படிவம். இந்தப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் 2021இல் நியூடெக் வழக்கில் உறுதி செய்தது. இழப்பீட்டு மனுவை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். வாங்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒப்படைப்புக் கடிதம், நீங்கள் எழுதிய கடிதங்கள், படங்கள், இன்ஜினியர் அறிக்கை, பழுதுக்கான மதிப்பீடு ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

சிறிய குடியிருப்புகளுக்கு இந்த வழி கடினம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் அந்தத் திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. நம் ஊர்களில் பழைய வீட்டை இடித்து நாலு வீடு, ஆறு வீடு கட்டி விற்பவை பெரும்பாலும் இந்த வகை. சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்களுக்கும், பழைய மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்து ஏமாந்தவர்களுக்கும் ரெரா கிடையாது. இவர்களுக்கெல்லாம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் சொல்லிவிட்டது. நிலத்தைக் கொடுத்துக் கூட்டாகக் கட்டிய நில உரிமையாளரும் நுகர்வோரே என்று 2008இல் ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் தீர்ப்பு வந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்குக் கெடு குறைவு: புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. எந்த ஆணையம் என்பது நீங்கள் கொடுத்த பணத்தைப் பொறுத்தது. கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது அல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 60,000 ரூபாய் கொடுத்து மாடிப் பூச்சு அடித்தவர் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 45 லட்சத்துக்கு வீடு வாங்கியவருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 70 லட்சத்துக்கு வாங்கியவரோ, பழுதுச் செலவு சில ஆயிரம் என்றாலும், மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். முதலில் யாரிடமாவது கேட்டுத் தெளிய வேண்டுமென்றால் 1915 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கான்ட்ராக்டருடன் எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவு, மதிப்பீடு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, வேலை நடந்தபோது எடுத்த படம் எல்லாம் பேசும். நாள் கூலிக்கு நீங்களே கொத்தனாரை வைத்து, நீங்களே சொல்லிச் சொல்லிச் செய்வித்த வேலைக்கு இந்த வாதம் பலவீனம். இனிமேல் வேலை கொடுப்பவர்கள், பணத்தில் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாகத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான கான்ட்ராக்டர் இதற்கு மறுக்க மாட்டார்.

ரெரா, நுகர்வோர் ஆணையம் இரண்டுமே திறந்திருக்கும் வீடுகளுக்கு, எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே என்று 2020இல் இம்பீரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே நிவாரணத்தை இரண்டு இடத்திலும் கேட்க முடியாது. பழுது மட்டும் நடந்தால் போதும் என்பவர்களுக்கு ரெரா பொருத்தம் என்பது என் எண்ணம். மன உளைச்சல், நனைந்து பாழான அலமாரி, வாடகை வீட்டுச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு யோசிக்கலாம்.

உத்தரவு வந்த பிறகும் பில்டர் இழுத்தடிக்கலாம். ரெரா விதிக்கும் இழப்பீட்டை நில வருவாய்ப் பாக்கியைப் போல வசூலிக்க முடியும். பில்டர் மேல்முறையீடு செய்ய விரும்பினால் முதலில் பணத்தைக் கட்ட வேண்டும். இழப்பீடும் வட்டியும் சேர்ந்த முழுத் தொகையையும் ரெராவின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் வைப்பது வரை அது போகும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்பை எதிர்ப்பவர் 45 நாளுக்குள், தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்புக் கைக்கு வந்தும் பில்டர் அசையவில்லை என்றால், அதைச் செயல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவைத் தள்ளிப்போடாமல் போடுங்கள்.