39 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் வந்தார். அமெரிக்காவின் சிறிய ஊர் ஒன்றில் கேபிள் நடத்துகிறார். அவர் ஊரின் இரண்டு பெரிய டிவி நிலையங்களும் ஒரே கம்பெனியின் கைக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றால், “39 சதவீதத்தைத் தாண்டவில்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்” என்கிறார். ஏகபோகத் தடுப்பு வழக்குகளில் வேலை செய்யும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்த 39, 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வைத்த உச்சவரம்பு. ஒரு கம்பெனியின் நிலையங்கள் நாடு முழுக்க எத்தனை சதவீத டிவி வீடுகளை எட்டலாம் என்பதற்கான கணக்கு. அதைப் பார்ப்பது எஃப்.சி.சி. என்ற ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம். உங்கள் ஊரில் போட்டி இருக்கிறதா என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. என்பிசி என்ற தேசிய டிவி வலையமைப்பின் நிலையத்தை வைத்திருப்பவர் அதே ஊரில் இன்னொரு வலையமைப்பான சிபிஎஸ்ஸின் நிலையத்தையும் வாங்கினால், எட்டும் வீடுகள் ஒன்றுகூட அதிகமாகாது, அதே வீடுகள்தானே! ஆனால் உங்களுடன் பேரம் பேச இருந்த இருவர் ஒருவராகிவிடுவார். அவர் சேனலைக் கேபிளில் காட்ட நீங்கள் தரும் மறுஒளிபரப்புக் கட்டணத்தை ஏற்றிக் கேட்பார். தர மறுத்தால் உங்கள் கேபிளிலிருந்து இரண்டு சேனலும் சேர்ந்து போகும். ஊர்க் கடைக்காரரின் விளம்பரத்துக்கும் இதே கதிதான்.

ஏகபோகத்தைத் தடுக்கும் 1914-ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம் பார்ப்பது இதைத்தான், அதுவும் ஊர் ஊராக. 2019-இல் நெக்ஸ்டார் என்ற டிவி நிறுவனம் டிரிபியூன் என்ற இன்னொன்றை வாங்கியபோது, 13 ஊர்ச் சந்தைகளில் நிலையங்களை விற்கச் சொன்னது நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அமெரிக்க அரசின் துறை). 2021-இல் கிரே என்ற டிவி நிறுவனம் குவின்சி நிறுவனத்தை வாங்கியபோது 7 சந்தைகளில்.

எஃப்.சி.சி. ஒப்புதல் தந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் தவறு. நீதித்துறை தனி, மாநில அரசுகளின் தலைமைச் சட்ட அதிகாரிகளான அட்டர்னி ஜெனரல்கள் தனி. பாதிக்கப்படும் தனியாரும் தடை கேட்டு நீதிமன்றம் போகலாம்.

விளம்பரம் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பனை எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்ற தகவலைப் போட்டி நிலையத்துடன் பகிராதீர்கள். 2018-இல் நீதித்துறை சின்க்ளேர் உள்ளிட்ட டிவி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது இதற்காகத்தான்.

தயவுசெய்து, இணைப்புச் செய்தி வந்த வாரமே வாருங்கள். கைமாறி முடிந்த நிலையத்தைப் பிரிக்க வைப்பது மிகக் கடினம். வரும்போது பழைய கட்டண ஒப்பந்தங்கள், பேரத்தில் போன மின்னஞ்சல்கள், ஒரு நிலையத்தைக் காட்டி இன்னொன்றிடம் விலை குறைத்த சம்பவங்கள் என எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். அப்புறம், எதையும் அழித்துவிடாதீர்கள்.